முப்பத்திரண்டும் இரும்பு

அந்தக் குடியிருப்பில் சேவல் கிடையாது. செயலாளர் இருந்தார்.

காலை ஏழு மணிக்குக் கார் நிறுத்துமிடத்துத் தூணில் கட்டியிருக்கும் ஒலிபெருக்கி ஒருமுறை இருமும். பிறகு, "அன்பார்ந்த குடியிருப்போரே!" என்று முழங்கும். ஆறு மாடிகளில், இருபத்து நான்கு வீடுகளில், எல்லாத் தலையணைகளும் ஒரே நேரத்தில் காதுக்கு மேலே ஏறும்.

ஊரெல்லாம் நோய் பரவி, பள்ளிக்கூடம், அலுவலகம், பூங்கா என்று எல்லாவற்றுக்கும் பூட்டுப் போட்டார்களே, அன்றிலிருந்து செயலாளருக்குக் கொண்டாட்டம்தான். கேட்கிறவர்கள் யாரும் எழுந்து போக முடியாது. ஒரு பேச்சாளருக்கு இதைவிட நல்ல கூட்டம் எங்கே கிடைக்கும்?

பேச்சு போதாதென்று விதிகளும் எழுதி லிஃப்ட் கதவில் ஒட்டினார். ஒவ்வொன்றாகச் சேர்ந்து மொத்தம் இருபத்து மூன்று. மாடிப்படிக் கைப்பிடியை யாரும் தொடக் கூடாது என்பது நான்காம் விதி. கைப்பிடியைத் தினமும் துடைக்க வேண்டும் என்பது ஐந்தாம் விதி.

"தொடாம எப்படி சார் தொடைக்கிறது?" என்று காவலாளி கேட்டார்.

அன்று சாயங்காலமே ஆறாம் விதி வந்தது. விதிகளைப் பற்றிக் கேள்வி கேட்கக் கூடாது.

ஆனால் பொல்லாத விதி பதினான்காவதுதான். "வாய் சம்பந்தப்பட்ட தொழில் செய்வோர் மின்தூக்கியைப் பயன்படுத்தலாகாது."

அந்தக் கட்டடத்தில் அப்படிப்பட்டவர்கள் இரண்டே பேர். ஒருவர் நான்காம் மாடிப் பாட்டு டீச்சர். இன்னொருவர் ஆறாம் மாடிப் பல் டாக்டர்.

பல் டாக்டரின் வீட்டிலேயே அவருடைய அண்ணன் மகள் ஒருத்தி இருந்தாள். வயது பத்து. முன்பற்கள் இரண்டும் மற்ற பற்களைக் கேட்காமலே முந்திக்கொண்டு வளர்ந்துவிட்டதால் எல்லாரும் அவளை 'அணில்' என்றுதான் கூப்பிட்டார்கள். கொஞ்ச நாள் கோபப்பட்டுப் பார்த்தாள். பிறகு, 'பூனை, எருமை என்று கூப்பிடாதவரைக்கும் சரி' என்று விட்டுவிட்டாள்.

விதிகளைப் படித்த அன்று அணில் கேட்டாள்: "அத்தை, வாய் சம்பந்தப்பட்ட தொழில்னா முதல்ல செயலாளர் அங்கிள்தானே படியில ஏறணும்?"

ஆறு மாடி ஏறி வந்திருந்த அத்தைக்குச் சிரிக்க மூச்சு இல்லை. கையை மட்டும் ஆட்டினார்.

அத்தையின் கிளினிக் இரண்டு தெரு தள்ளி இருந்தது. பல்லைக் குடையும் கருவி தண்ணீரைப் புகைபோலத் தெளிக்கும். அதில் நோய் பரவலாம் என்பதால், பொறுக்க முடியாத வலி என்று யாராவது வந்தால் மட்டும் திறக்கலாம் என்று உத்தரவு. வலி வந்தவர்களோ, "பல்லுதானே? நோயெல்லாம் ஓயட்டும், பாத்துக்கலாம்" என்று தள்ளிப்போட்டார்கள்.

"ஊருக்கு நோய் வந்திருக்குன்னு பல்லு லீவு எடுத்துக்குமா?" என்று அத்தை புலம்புவார்.

செயலாளருக்கு அந்தக் கவலையே கிடையாது. வருடாந்தரக் கூட்டத்தில் சோடா பாட்டில் மூடிகளை அவர் பல்லாலேயே கடித்துத் திறப்பார். 'டப்'பென்று மூடி பறக்கும். சின்னப் பிள்ளைகள் கை தட்டுவார்கள்.

"முப்பத்திரண்டும் இரும்பு!" என்று மார்தட்டுவார். "பல் டாக்டர் வீட்டு வாசலை நான் மிதிச்சதே இல்ல!"

"சார், பல்லு கடிக்கிறதுக்கு. திறக்கிறதுக்குன்னு தனியா ஒரு சாமான் கடையில விக்கிறாங்க" என்று அத்தை ஒருமுறை சொல்லிப் பார்த்தார்.

"என்ன டாக்டர், எல்லாரும் என்னை மாதிரி இருந்தா நீங்க ஈ ஓட்டணுமேன்னு பயமா?" என்றார் செயலாளர். கூட்டம் சிரித்தது. அடுத்த மூடியும் பறந்தது.

*

ஒன்பதாம் விதிப்படி ஆளாளுக்குக் கடைக்குப் போகக் கூடாது. கட்டடம் முழுவதற்கும் ஒரே பட்டியல் கடைக்குப் போகும். கடைக்காரர் பைகளைக் கட்டி வாசலில் இறக்கிவிட்டுப் போவார். பட்டியல் எழுத ஒரு பொறுப்பாளர் தேவை என்று ஒலிபெருக்கி அறிவித்தது. பெரியவர்கள் அத்தனை பேருக்கும் அன்றைக்குப் பார்த்து முதுகுவலி. அணில் கையைத் தூக்கினாள்.

தினமும் காலை எட்டு மணிக்கு ஒவ்வொரு வீட்டுக்கும் இன்டர்காமில் பேசி, நோட்டில் எழுதிக்கொள்வாள். பெரும்பாலான வீடுகளில் அரை நிமிட வேலை. இரண்டாம் மாடியில் செயலாளர் வீடு மட்டும் அப்படியில்லை.

"எழுது. ஒன்று. வறுத்த நிலக்கடலை, அரைக் கிலோ. நல்லா முறுகலா இருக்கணும்."

"எழுதிட்டேன் அங்கிள்."

"திருப்பிப் படி."

"வறுத்த நிலக்கடலை, அரைக் கிலோ."

"முறுகல்?"

"முறுகல்."

"இரண்டு. ஆப்பிள், ஆறு. கடிச்சா அடுத்த வீட்டுக்குக் கேக்கணும்."

இப்படி ஒரு மாதம் போயிற்று.

பிறகு ஒரு திங்கட்கிழமை காலை ஏழு மணிக்கு ஒலிபெருக்கி இருமியது. "அன்பார்ந்த..." என்றது. அதோடு நின்றுவிட்டது.

செவ்வாய்க்கிழமை அதுவும் இல்லை.

புதன்கிழமை கட்டடமே எட்டு மணிவரை தூங்கியது. ஐந்தாம் மாடிக்காரர் பால்கனியில் நின்று, "குருவிச் சத்தம் கேக்குது! நம்ம கட்டடத்துல குருவி இருக்கா!" என்று ஆச்சரியப்பட்டார்.

"ஒலிபெருக்கி செத்துப்போச்சு. யாரும் ரிப்பேர் பண்ணிடாதீங்க, ப்ளீஸ்!" என்று கும்பிட்டான் அணிலின் அண்ணன். அவனுக்குப் பதினான்கு வயது. உலகத்தில் இருக்கிற எல்லாமே அவனைத் தூங்கவிடாமல் செய்ய வந்தவைதான்.

அணிலுக்கு மட்டும் ஏதோ உறுத்தியது. மூன்று நாட்களாக இன்டர்காமில் செயலாளர் வருவதில்லை. அவர் மனைவிதான் பேசினார். அதுவும் கிசுகிசுப்பாக.

அவள் நோட்டைப் புரட்டினாள். திங்கள்: பால், வாழைப்பழம், கிராம்பு. செவ்வாய்: பால், ரொட்டி, கிராம்பு, கிராம்புத் தைலம். புதன்: பால், உறிஞ்சுகுழல் ஒரு கட்டு, இன்னும் கொஞ்சம் கிராம்பு.

நிலக்கடலை எங்கேயும் இல்லை. ஆப்பிள் இல்லை. முறுகலாக ஒன்றுமே இல்லை.

*

வியாழக்கிழமை எல்லாரும் தங்கள் பைகளை எடுத்துப் போன பிறகும் வாசலில் ஒரு பை மட்டும் அனாதையாகக் கிடந்தது. இரண்டாம் மாடிப் பை. அணில் மாஸ்க்கைச் சரிசெய்துகொண்டு அதைத் தூக்கிப் போய் மணி அடித்தாள்.

செயலாளரின் மனைவி கதவைப் பாதி திறந்தார். "அங்கயே நில்லும்மா. பையைக் கீழ வெச்சிடு."

அந்தப் பாதி கதவு போதுமானதாக இருந்தது. உள்ளே நாற்காலியில் செயலாளர் உட்கார்ந்திருந்தார். தாடைக்கு அடியில் ஒரு துண்டைக் கொடுத்து உச்சந்தலையில் முடிச்சுப் போட்டிருந்தார். முடிச்சின் இரண்டு முனைகளும் முயல் காது மாதிரி நின்றன. வீட்டுக்குள்ளேயே மாஸ்க் வேறு. அதன் வலது பக்கம் மட்டும், உள்ளே ஓர் எலுமிச்சம்பழத்தை ஒளித்து வைத்ததுபோலப் புடைத்திருந்தது.

அணிலைப் பார்த்ததும் அவர் சட்டென்று ஒரு தாளை எடுத்து எழுதினார். மனைவி அதை வாங்கி வந்து நீட்டினார்.

"சுற்றறிக்கை எண் 1. எனக்கு ஒன்றும் இல்லை. இங்ஙனம், செயலாளர்."

"அங்கிள், பல்லு வலிக்குதா?"

பேனா ஓடியது. "சுற்றறிக்கை எண் 2. இல்லை. இங்ஙனம், செயலாளர்."

உடனே இன்னொன்று. "சுற்றறிக்கை எண் 3. இதை யாரிடமும் சொல்லக் கூடாது."

"இல்லாத ஒண்ணை நான் எப்படி அங்கிள் சொல்ல முடியும்?" என்றாள் அணில்.

செயலாளருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. வந்திருக்கக் கூடாது. சிரித்த அடுத்த நொடியில் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு குனிந்தார். நிமிர்ந்தபோது அவர் கண்களில் தண்ணீர் நின்றது.

அணிலுக்கும் சிரிப்பு போய்விட்டது.

"நாலு நாளாத் தூங்கலைம்மா" என்று அவர் மனைவி கதவோரமாக வந்து மெதுவாகச் சொன்னார். "பாலைக் குழல் வெச்சு உறிஞ்சறார். கடிகாரம் டிக்டிக்னு இடிக்குதாம், பேட்டரியைக் கழட்டிட்டார். நேத்து பேரன் வீடியோல வந்து 'தாத்தா, சிங்கம் மாதிரி பேசு'ன்னான். தினமும் பேசுவார். நேத்து போனை என் கையில குடுத்துட்டு எழுந்து போயிட்டார். குழந்தை அழுதுட்டான்."

"எங்க அத்தைகிட்ட காட்டலாமே ஆன்ட்டி?"

"எப்படிக் காட்டுவார்? பதினாலாம் விதின்னு ஒண்ணு எழுதினாரே, அது இப்ப இவர் தொண்டையிலயே நிக்குது. டாக்டரை ஆறு மாடி ஏற வெச்சிட்டு, எந்த முகத்தோட போய் 'ஆ' காட்டுறதுன்னு கேக்கறார். கேக்கக்கூட இல்ல, எழுதறார்."

உள்ளேயிருந்து நான்காவது சுற்றறிக்கை வந்தது. அதில், "பேசியது போதும்" என்று இருந்தது.

*

யாரிடமும் சொல்லக் கூடாதுதான். ஆனால் டாக்டரிடம் சொல்வது 'யாரிடமும்' என்பதில் சேராது. இதை அணில் நான்காம் மாடிக்கும் ஐந்தாம் மாடிக்கும் நடுவில் முடிவு செய்தாள்.

அத்தை சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அணில் காதோடு சொன்னாள்.

"ஆகா! இரும்பு துருப்பிடிச்சிருச்சா?" என்றார் அத்தை. ஆறு மாடி ஏறியவருக்கு இந்த ஒரு வாக்கியத்துக்கு உரிமை உண்டு. அதற்கு மேல் அவர் அதை அனுபவிக்கவில்லை. "வீக்கம் எங்க இருக்கு?"

"கன்னத்துல. தாடை ஓரம்வரைக்கும் வந்திருக்கு."

"வாய் எவ்வளவு திறக்குது?"

"உறிஞ்சுகுழல் நுழையற அளவுக்கு."

அத்தை கரண்டியைக் கீழே வைத்தார்.

"பல்லுக்கு அடியில சீழ் கட்டியிருக்கு. கிராம்பு வலியைத்தான் கொஞ்சம் மரத்துப்போக வைக்கும், சீழை ஒண்ணும் பண்ணாது. அது கழுத்துக்கு இறங்கினா முழுங்க முடியாது, மூச்சு விடறதே கஷ்டமாயிடும். அப்புறம் பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகணும். இப்ப அங்க படுக்கை கிடைக்கிறது குதிரைக்கொம்பு. இன்னைக்கே பாத்தாகணும்."

அத்தை இன்டர்காமை எடுத்தார். செயலாளரின் மனைவி பேசினார். பின்னால் பேனா கீறும் சத்தம். பிறகு அவர் சங்கடத்தோடு படித்தார்: "சுற்றறிக்கை எண் 5. டாக்டரின் அக்கறைக்கு நன்றி. கிராம்பு சிறப்பாகப் பணியாற்றுகிறது."

அத்தை இன்டர்காமை வைத்தார். "கன்னம்தான் வீங்கியிருக்குன்னு பாத்தா, வீம்பும் வீங்கியிருக்கே! இந்த மனுஷனை எப்படிக் கூட்டிட்டு வர்றது? கையைப் பிடிச்சு இழுக்கவா முடியும்?"

"கூப்பிட்டா வர மாட்டார்" என்றாள் அணில். யோசித்தாள். "எதுக்குக் கூப்பிட்டா வருவார்?"

தண்ணீர் மோட்டாரை மாற்றியபோது வந்தார். செருப்பு அடுக்கும் அலமாரி வாங்கியபோது வந்தார். புதுக் குப்பைத்தொட்டி வந்த அன்று, அதற்கு ரிப்பன் கட்டி, வெட்டி, அரை மணி நேரம் பேசிவிட்டு முதல் குப்பையையும் தானே போட்டார்.

அணில் பட்டியல் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்தாள்.

*

கால் மணி நேரத்தில் இரண்டாம் மாடிக் கதவுக்கு அடியில் ஓர் அழைப்பிதழ் நுழைந்தது.

"பேரன்புடையீர்! நமது குடியிருப்பில் இன்று மாலை நான்கு மணிக்குப் பல் பரிசோதனை முகாம். நமது செயலாளர் அவர்கள் முதல் ஆளாக வாயைத் திறந்து முகாமைத் தொடங்கி வைக்க ஒப்புக்கொள்ள வேண்டுகிறோம்.

பதினான்காம் விதியை மதித்து, முகாம் மின்தூக்கிக்குச் சம்பந்தமே இல்லாமல் கார் நிறுத்துமிடத்தில் நடைபெறும்.

நோய்க்காலம் என்பதால் இவ்விழாவில் யாரும் பேச மாட்டார்கள்.

நாற்காலி சுவரைப் பார்த்துப் போடப்படும்."

கடைசி இரண்டு வரிகளை எழுதும்போதுதான் அணில் பேனாவை இரண்டு தடவை கடித்து யோசித்தாள். அவரால் பேச முடியாது. முகத்தைக் காட்டவும் பிடிக்காது. அந்த இரண்டு தொல்லையும் இல்லையென்றால் வந்துவிடுவார்.

அவள் படிக்கட்டில் உட்கார்ந்து காத்திருந்தாள். ஐந்து நிமிடம் ஆயிற்று. பத்து நிமிடம் ஆயிற்று. கதவுக்கு அடியிலிருந்து அதே அழைப்பிதழ் வெளியே வந்தது.

வேண்டாம் என்றுதான் திருப்பி அனுப்புகிறாரா?

எடுத்துப் பார்த்தாள். சிவப்பு மையில் ஒரே ஒரு திருத்தம். 'செயலாளர்' என்பதற்கு முன்னால் 'அயராத' என்று சேர்த்திருந்தார். கீழே, "சுற்றறிக்கை எண் 6. ஒரு சொல் விடுபட்டிருந்தது. வருகிறேன். இங்ஙனம்."

*

நான்கு மணிக்குக் கார் நிறுத்துமிடத்தில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தது. பக்கத்தில் ஒரு மேசை. அதில் கையுறைகள், டார்ச், கொதிக்க வைத்து எடுத்த சின்னக் கண்ணாடிகள். அத்தை தலைமுதல் கால்வரை மூடிய நீல உடுப்பில், முகத்துக்கு முன்னால் பிளாஸ்டிக் தடுப்போடு, விண்வெளிக்குக் கிளம்புகிறவர் மாதிரி நின்றார்.

எல்லாப் பால்கனிகளிலும் தலைகள். இரண்டு மாதமாகப் பார்க்க ஒன்றும் இல்லாமல் இருந்தவர்களுக்குப் பிளாஸ்டிக் நாற்காலிகூடத் திருவிழாதான்.

செயலாளர் வந்தார். இஸ்திரி போட்ட சட்டை, ஒன்றன்மேல் ஒன்றாக இரண்டு மாஸ்க். விதிகள் அடங்கிய கோப்பை வலது கன்னத்தோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, ஏதோ ஆழ்ந்த யோசனையில் இருப்பவர்போல நடந்தார். ராஜநடைதான். நாற்காலிக்கு நாலடி இருக்கும்போது மட்டும் மாடிப்படியை ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டார். பல் டாக்டர் வாசலை அவர் மிதித்ததில்லை என்பது வீரம் இல்லை, பயம் என்று அணிலுக்கு அப்போதுதான் புரிந்தது.

அவள் ஒலிபெருக்கியின் மைக்கைப் பிடித்தாள். "அன்பார்ந்த குடியிருப்போரே! நமது அயராத செயலாளர் இப்போது முகாமைத் தொடங்கி வைப்பார்!"

அவர் அவளைக் கடந்து போகும்போது அணில் மைக்கை மூடிக்கொண்டு மெல்லச் சொன்னாள்: "அங்கிள், அத்தை செய்யறதுக்கு முன்னாடி ஒவ்வொண்ணையும் சொல்லிட்டுத்தான் செய்வாங்க. நீங்க கையைத் தூக்கினா உடனே நிறுத்திடுவாங்க. நான் எப்பவும் தூக்குவேன்."

செயலாளர் தலையை ஒரு தடவை அசைத்தார். சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். மாஸ்க்கைக் கழற்றினார். வாயைத் திறந்தார்.

அப்போது ஆறாம் மாடியிலிருந்து அண்ணன் கத்தினான்: "அங்கிள்! முப்பத்திரண்டும் இரும்பு தானே?"

பால்கனிகள் எல்லாம் 'கொல்'லென்று சிரித்தன. நாற்காலியில் செயலாளரின் முதுகு விறைத்தது. அவர் கை நாற்காலியின் பிடியை அழுத்தியது. எழுந்திருக்கப் போகிறார் என்று அணிலுக்குத் தெரிந்துவிட்டது. எழுந்தால் அவ்வளவுதான், இன்னொரு தடவை இறங்கி வர மாட்டார்.

அவள் மைக்கை வாயருகே கொண்டுபோனாள்.

"ஒருத்தர் வாயில என்ன இருக்குன்னு அவருக்கும் டாக்டருக்கும் மட்டும்தான் தெரியணும். இது டாக்டருங்க விதி" என்றாள். "அடுத்ததா வரப்போறது எங்க அண்ணன். மாஸ்க் போட்டா யாருக்குத் தெரியப் போகுதுன்னு ரெண்டு மாசமா ராத்திரி பல்லே தேய்க்கலை. இதை நான் டாக்டராச் சொல்லலை, தங்கச்சியாச் சொல்றேன்."

சிரிப்பு அப்படியே நாற்காலியை விட்டு ஆறாம் மாடிக்கு ஏறியது. லிஃப்ட் இல்லாமலே. அண்ணன் பால்கனியிலிருந்து மறைந்தான்.

நாற்காலிப் பிடியில் இருந்த கை தளர்ந்தது.

அத்தை டார்ச் அடித்துப் பார்த்தார். கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். குனிந்து, செயலாளருக்கு மட்டும் கேட்கிற மாதிரி ஏதோ சொன்னார். அவர் தலையசைத்தார். அத்தை நிமிர்ந்து எல்லாருக்கும் கேட்கும்படி, "முகாம் தொடங்கியாச்சு!" என்றார்.

கை தட்டினார்கள். செயலாளர் கோப்பைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு, மனைவியோடு கேட்டை நோக்கி நடந்தார். ஏதோ அவசர வேலை என்று எல்லாரும் நினைத்தார்கள். அது உண்மைதான்.

அத்தை அவருக்கு முன்னாலேயே போய்க் கிளினிக்கைத் திறந்தார்.

*

கடைவாய்ப்பல் ஒன்று மேலிருந்து வேர்வரை விரிசல் விட்டிருந்தது. சோடா மூடியின் வேலை. அந்த விரிசல் வழியாகக் கிருமிகள் இறங்கி அடியில் கூடாரம் போட்டுவிட்டன. அத்தை ஊசி போட்டு மரத்துப்போக வைத்து, சீழை எடுத்து, பல்லையும் எடுத்தார். செயலாளர் மூன்று தடவை கையைத் தூக்கினார். மூன்று தடவையும் அத்தை நிறுத்தினார்.

எல்லாம் முடிந்த பிறகு, பஞ்சைக் கடித்துக்கொண்டு அவர் ஒரு தாளைக் கேட்டு வாங்கினார். வெகுநேரம் எழுதினார். அத்தை வாங்கிப் பார்த்தபோது அதில் ஒரே ஒரு சொல்தான் இருந்தது. "மன்னிக்கவும்." அதற்குக் கீழே எண்ணும் இல்லை, இங்ஙனமும் இல்லை.

முகாம் மறுநாளும் நடந்தது. செயலாளரே காட்டினாரே என்று ஒவ்வொருவராக இறங்கி வந்தார்கள். பாட்டு டீச்சருக்கு ஒரு பல் உடைந்து, 'ச' வரும் இடமெல்லாம் விசில் அடித்ததாம். அதனால்தான் இணையத்தில் வகுப்பு எடுப்பதையே விட்டிருந்தார். காவலாளிக்குப் பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். ஐந்தாம் மாடிக்காரர் ஒரு மாதமாக ஒரு பக்கமாகவே மென்றுகொண்டிருந்தார். எல்லாருமே 'நோய் ஓயட்டும்' என்று காத்திருந்தவர்கள்தான். அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. அவனுக்கு அத்தை ஒரு புது பிரஷ்ஷும் இரண்டு முறைப்பும் கொடுத்தார்.

"எல்லாரும் முடிஞ்சாச்சா?" என்று கையுறையைக் கழற்றப் போனவர், நின்றார். "ஏ அணில், நீ வா."

"எனக்கெல்லாம் ஒண்ணும் இல்ல அத்தை. நான் பல் டாக்டர் வீட்டுப் பொண்ணு."

"வா."

அணில் உட்கார்ந்தாள். இரண்டு ஓட்டைகள். இணைய வகுப்பில் கேமராவை அணைத்துவிட்டுக் கொறித்த பிஸ்கட்டுகள் ஒன்றுவிடாமல் சாட்சி சொல்லின.

"விளக்குக்கு அடியில இருட்டுன்னு சும்மாவா சொன்னாங்க?" என்றார் அத்தை. ஆறாம் மாடிப் பால்கனியிலிருந்து ஓர் அண்ணன் நெடுநேரம் கை தட்டினான்.

*

திங்கட்கிழமை காலை ஏழு மணி. தூணில் கட்டியிருந்த ஒலிபெருக்கி இருமியது.

"அன்பார்ந்த குடியிருப்போரே!"

இருபத்து நான்கு தலையணைகள் காதுக்கு மேலே ஏறின. ஆனால் பாதி வீடுகளில் தலையணைக்கு அடியில் ஒரு சிரிப்பும் இருந்தது.

"பதினான்காம் விதி இன்றோடு ரத்து செய்யப்படுகிறது. மருத்துவரும் இசையாசிரியரும் மின்தூக்கியில் ஏறலாம். அவர்கள் வரும்போது மற்றவர்கள் வழிவிட வேண்டும். நான் உட்பட." தாள் புரளும் சத்தம். "ஆறாம் விதியும் ரத்து. கேள்வி கேட்கலாம். ஆனால் ஒன்பது மணிக்கு மேல் கேட்கவும்."

அதற்குப் பிறகு மைக்கை அணைக்க மறந்துவிட்டார். அடுத்த ஐந்து நிமிடம் ஒரு சிங்கம் கட்டடமெங்கும் கர்ஜித்தது. தொலைபேசிக்குள்ளிருந்து ஒரு சின்னக் குரல், "இன்னொரு தடவை தாத்தா!" என்று கேட்டது. சிங்கம் இன்னொரு தடவையும் கர்ஜித்தது.

எட்டு மணிக்கு அணில் நோட்டைத் திறந்து இன்டர்காமை எடுத்தாள்.

"எழுது" என்றது பழைய குரல். "ஒன்று. வறுத்த நிலக்கடலை."

"அரைக் கிலோவா அங்கிள்?"

"இப்ப இடது பக்கம் மட்டும்தான் மெல்லணும்னு டாக்டர் சொல்லியிருக்காங்க. அதனால கால் கிலோ."

"முறுகலா?"

பெரிய யோசனை நடந்தது. "நடுத்தரம். இரண்டு..." குரல் தணிந்தது. "சோடா மூடி திறக்கிறதுக்குன்னு தனியா ஒரு சாமான் விக்கிறாங்களாமே?"

"ஆமா அங்கிள்."

"ஒண்ணு."

அணில் சிரிப்பை அடக்கிக்கொண்டு எழுதினாள்.

"திருப்பிப் படிக்கட்டுமா அங்கிள்?"

"வேண்டாம், வேண்டாம்" என்றார் செயலாளர் அவசரமாக. "உன் மேல நம்பிக்கை இருக்கு."